முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கு ஒரு நம்பர்

தம்பி, அந்த ஜன்னலோரத்த எனக்குக் குடுக்குறீங்களா? காத்துக்குக் கேக்கல, சிக்னலுக்குக் கேக்குறேன். இந்த ரோட்டுல தேரிருவேலி தாண்டுற வரைக்கும் நடுசீட்டுல ஒக்காந்தா ஒரு கோடுகூட நிக்காது. ஆங், சந்தோசம். ஃபைலப் பிடிங்க, விழுந்துறப் போகுது.

முன்கூட்டியே சொல்லிப்புடுறேன். என் போனு எப்ப வேணாலும் அடிக்கும். மெசேஜும் வந்துக்கிட்டே இருக்கும். தொந்தரவா நெனைக்காதீங்க. என்ன செய்யிறது, முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கு இந்த ஒரு நம்பருதான். சிரிக்காதீங்க தம்பி, நெசமாத்தான் சொல்றேன்.

இந்தா, அடிக்குது பாருங்க. நான் சொல்லல? ப்ச். வீட்டுக்காரி. மோட்டாரப் போடவா வேணாமான்னு கேப்பா. கட் பண்ணிட்டேன். இதெல்லாம் ஒரு போன்ல சேத்தியா?

என் பேரு வில்லாயுதம். ஊரு வாகைக்குடி. முதுகுளத்தூருலருந்து தெக்க ஒம்போது கிலோமீட்டரு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கருவேலங்காட்டுக்கு நடுவுல நூத்தி எம்பது வீடு. கரிமூட்டம் போடுறது, மொளகா போடுறது, ரெண்டும் இல்லாதவன் சவுதிக்குப் போறது, அம்புட்டுத்தான் எங்க ஊரு. ஏழு வருசத்துக்கு முன்னாடி ஒரு டிரஸ்ட்டுக்காரவுக வந்தாக. ஊருக்கு ஊரு கம்ப்யூட்டரு குடுக்குறோம், சனங்க ஆபீஸ் ஆபீஸா அலைய வேணாம், ஊருக்குள்ளயே எல்லாத்தையும் பாத்துக்கலாம்னாக. ரெண்டு கம்ப்யூட்டரு, ஒரு பிரிண்டரு, கரண்டு போனா ஓட்டுறதுக்குப் பேட்டரி. பழைய ரேஷன் கடைக்கு வெள்ளையடிச்சு எறக்கிட்டாக. எறக்கி வச்சுட்டு, இத யாரு பாத்துக்கிறதுன்னு கேட்டாக. ஊரே திரும்பி என்னையப் பாத்துச்சு. ஏன்னா நான் ஒருத்தன்தான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸு. பத்திர ஆபீசு வாசல்ல பதினாறு வருசம் டைப் அடிச்சவன். வேற யாரு இருக்கா எங்க ஊருல?

நம்பரு கதைக்கு வாரேன். மொத மொதல்ல வந்தது பாண்டியம்மா. ரேஷன் கார்டுல புருசன் பேர எடுக்கணும், செத்துப் போயிட்டான். எல்லாம் அடிச்சாச்சு. கடைசியில போன் நம்பர்னு ஒரு கட்டம் வருது. பத்து நம்பரு போட்டாத்தான் அடுத்த பக்கமே தெறக்கும். ‘போனு ஏதுண்ணே என்கிட்ட’ங்குது அந்தப் பொம்பள. கண்ணுல தண்ணி நிக்குது. நான் என்ன செய்வேன்? என் நம்பரப் போட்டேன். தெறந்திருச்சு. அம்புட்டுத்தான் தம்பி, இதுல தப்பு எங்க இருக்கு சொல்லுங்க?

அடுத்தாப்புல கூரி வந்தான். எனக்கு மச்சான் முறை. கரிமூட்டம் போடுறவன். அவன் போனு மூட்டத்துக்குள்ள விழுந்து கரியாப் போச்சு. ‘ஒங்க நம்பரையே போட்டுருங்க மச்சான்’னான். போட்டேன். அப்புறம் ஒருத்தன் மூணு மாசத்துக்கு ஒரு சிம்மு மாத்துறவன். ஒரு பொம்பளைக்குப் போனு இருக்கு, ஆனா புருசன் சட்டப்பையில இருக்கு. இப்பிடியே ஒண்ணொண்ணா ஏறி, ரேஷன் கார்டு, ஆதாரு, கேஸு, பேங்குப் புத்தகம், புள்ளைகளுக்கு ஜாதிச் சர்டிபிகேட்டு, எல்லாத்துலயும் என் நம்பரு. நல்ல போனு வச்சிருந்தவுகளும் இருந்தாகதான். அதுக்கு என்ன? நாளைக்கு அவுக நம்பரு மாறுனா யாரு அலையிறது? அவுகளுக்கும் நானே என் நம்பரப் போட்டுருவேன். கேக்கக்கூட மாட்டேன்.

சும்மா போட்டதோட முடிஞ்சு போச்சா? ஓடிபின்னு ஒண்ணு வரும்ல, அது பத்து நிமிசம்தான் நிக்கும். வந்த ஒடனே அந்த ஆளுகிட்ட போயிச் சேரணும். கூரி கேஸு புக் பண்ணிட்டுக் காட்டுல நிப்பான், பாண்டியம்மா முதுகுளத்தூரு பேங்குல நிக்கும். நான் சாப்புட்டுக்கிட்டு இருந்தாலும் கைய ஒதறிட்டு எந்திரிக்கணும். சைக்கிள்ள போவேன். எட்டாத ஆளுன்னா நேரா மாரியம்மன் கோயிலுக்குப் போயி மைக்கப் போட்டுருவேன். ‘மேலத்தெரு காளீஸ்வரி கவனத்திற்கு, நாலு, ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒம்போது, ஒண்ணு, மீண்டும் ஒருமுறை’ன்னு. ஊரே கேக்கும். டிரஸ்ட்டு மேடம் ஒரு நாளு அதக் கேட்டுட்டு மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டாக. இதெல்லாம் ரகசியமா வச்சுக்கிறணுமாம். எங்க ஊருல என்ன ரகசியம்? எவ முழுகாம இருக்கா, எவன் நகைய எங்க வச்சிருக்கான், எந்த வீட்டுக்கு எப்ப சிலிண்டரு வருது, எல்லாம் அந்தந்த வீட்டுக்காரவுகளுக்கு முன்னாடி எனக்குத்தான் வரும். ஒருத்தருகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா? காளீஸ்வரிக்கு மூணாவது தங்குனது அவ மாமியாளுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். சொன்னேனா? இப்ப ஒங்ககிட்டச் சொல்றேன், நீங்க அசலூருக்காரவுக, அது வேற.

சின்னப் புள்ளைக என்னைய ‘ஓடிபி மாமா’ன்னு கூப்புடும். வெளிய கோவிச்சுக்கிறுவேன். உள்ளுக்குள்ள ஒரு இதுதான்.

இருங்க, ஒரு செகண்டு. இல்ல, சும்மா வெளிச்சம் வந்துச்சு.

டிரஸ்ட்டுல வருசா வருசம் கணக்கெடுப்பாக. எத்தன குடும்பத்துக்குப் போன் நம்பரு பதிஞ்சிருக்கு, எத்தன பேருக்கு டிஜிட்டல் வசதி போயிச் சேந்திருக்குன்னு. மத்த ஊருல எல்லாம் நூத்துக்கு அம்பது, அறுவதுதான். வாகைக்குடி மட்டும் நூத்துக்கு நூறு! இராமநாதபுரத்துல மண்டபத்துல வச்சு எனக்குப் பொன்னாடை போத்துனாக. ஜெனிட்டா மேடம், அவுகதான் டிரஸ்ட்டுல பெரியவுக, மைக்கப் பிடிச்சு, ‘ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு எண்’னு பேசுனாக. நான் தலையாட்டிக்கிட்டு நின்னேன். பொய் இல்லையே தம்பி? ஒவ்வொரு குடும்பத்துக்கும் நம்பரு இருந்துச்சுல்ல?

இப்பத்தான் ரெண்டு மாசமாக் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. மெசேஜச் சொல்றேன். கொறஞ்சிருக்குன்னா... சரி, ஒங்ககிட்ட என்ன மறைக்கிறது, வரல. ஒண்ணும் வரல. முந்நூத்திப் பன்னெண்டு பேரையும் ஒரே வாரத்துல என்கிட்ட இருந்து பிரிச்சுட்டாக. அதுக்குத்தான் இன்னிக்குத் திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுக்கு மனுவோட போறேன். இந்தா, இந்தக் கவருக்குள்ள இருக்கு, மூணு பக்கம், நானே டைப் அடிச்சது. யாரு மேல தெரியுமா? கூரி மக மேல. சந்தனமாரின்னு பேரு. பத்தொம்போது வயசுப் புள்ள. அதுதான் இப்ப எங்க ஊரு சென்டருல என் சேர்ல ஒக்காந்திருக்கு.

அது ஒரு கதை. போன வருசம் ஆடி மாசம் நடந்தது. எங்க ஊரு முளைப்பாரித் திருவிழா. அதுக்கு நோட்டீசு அடிப்பாகல்ல, ஆறு வருசமா அத அடிச்சுக் குடுக்குறது நான்தான். அடியில ஓரத்துல சின்னதா ‘கணினி வடிவமைப்பு: வி. வில்லாயுதம்’னு போட்டுக்குவேன். போன வருசம் எளந்தாரிப் பயலுக செல்போன்லயே நோட்டீசத் தயார் பண்ணிப் பரமக்குடிக்கு அனுப்பிட்டானுக. வந்துச்சு. எடுத்துப் பாக்குறேன். தலைவரு பேரு இருக்கு. மைக்செட்டுக்காரன் பேரு இருக்கு. சீரியல் லைட்டுக்காரன், கூழு ஊத்துறவன், மொளகா மண்டிக்காரன், சவுதியில இருந்துக்கிட்டு வாட்சப்புல வாழ்த்துச் சொன்னவன் பேருகூட போட்டோவோட இருக்கு. என் பேரு இல்ல. முன்னாடி பாத்தேன், பின்னாடி பாத்தேன், மடிப்புல இருக்கான்னு விரிச்சுப் பாத்தேன். இல்ல தம்பி.

வயித்தெரிச்சலா இருக்குமா இருக்காதா? ஆறு வருசம் அந்த ஊருக்காகச் சைக்கிள மிதிச்சிருக்கேன். நாக்கப் புடுங்கிக்கிறலாம் போல இருந்துச்சு. சரி, இவனுகளுக்கு நம்ம அருமை தெரியலன்னு, காப்புக் கட்டுன மறுநாளு பொண்டாட்டியக்கூடக் கூப்புடாம, சாயல்குடியில என் மச்சினன் வீட்டுக்குப் போயி ஒக்காந்துட்டேன். காப்புக் கட்டிட்டா எங்க ஊருல யாரும் எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாது. முளைப்பாரி போட்ட வீட்டு ஆளுக, கையில காப்பு ஏறுனவுக, எல்லையத் தாண்டவே கூடாது. தெரிஞ்சுதான் போனேன். சாமி என்னையக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். போனையும் ஆஃப் பண்ணி மச்சினன் வீட்டுப் பீரோவுல வச்சுட்டேன். ரெண்டே நாளு. ரெண்டு நாளு இந்த ஊரு நான் இல்லாம எப்பிடி நடக்குதுன்னு பாப்போம்னு.

மறுபடியும் அடிக்குது. வீட்டுக்காரிதான். எழவு, ஒரு மோட்டாருக்கு இத்தன தடவையா? கட் பண்ணியாச்சு. நீங்க கேளுங்க.

ரெண்டாம் நாளு மத்தியானம் நாலு மணி இருக்கும். மச்சினன் பொண்டாட்டி வந்து, ‘அண்ணே, ஒங்க ஊருக்காரரு ஒருத்தரு வாசல்ல நிக்கிறாரு, கையில காப்பு இருக்கு’ன்னுச்சு. எட்டிப் பாத்தேன். கூரி. எனக்கு உள்ளுக்குள்ள குளுந்து போச்சு. பாத்தியா, சமாதானம் பேச ஆளு அனுப்பிட்டானுக! காப்புக் கட்டுன கையோட எல்லையத் தாண்டி வந்திருக்கான்னா ஊரு எம்புட்டுத் தவிச்சிருக்கும்னு நெனச்சேன். ஒடனே போயி நிக்கலாமா? மருவாத இருக்குல்ல? கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு குளிக்கப் போனேன். குளிச்சுட்டு வந்து காப்பி குடிச்சேன். தலை சீவுனேன். வாசலுக்குப் போகும்போது நாலே முக்கால் ஆயிப்போச்சு. ‘என்னடா கூரி, நோட்டீசத் திரும்ப அடிக்கிறாகளாமா?’ன்னேன்.

அவன் மூஞ்சியப் பாத்ததும் சப்புன்னு போச்சு தம்பி. ‘மச்சான், சந்தனமாரிக்கு நர்சிங் சீட்டு வந்திருக்கு. சரின்னு உறுதி பண்ணணுமாம். ஒங்க போனுக்கு நம்பரு வரும். அஞ்சு மணி வரைக்கும்தானாம்.’ அப்பிடின்னான். சட்டையெல்லாம் வேர்வை. சாயல்குடியில எனக்கு ரெண்டு மச்சினன், மொதல்ல தப்பான வீட்டுக்குப் போயி, அங்கிட்டுருந்து நடந்து வந்திருக்கான். நான் உள்ள ஓடுனேன். பீரோ சாவி மச்சினன் இடுப்புல. மச்சினன் டீக்கடையில. சாவிய வாங்கித் தெறந்து போன ஆன் பண்ணுனா, அதுபாட்டுக்குச் சுத்துது, சுத்துது, வணக்கம்ங்குது. அப்புறம் மெசேஜா விழுகுது. மணியப் பாத்தேன். அஞ்சு பத்து.

கோயம்புத்தூருப் பக்கம் அரசாங்கக் காலேஜு. ஃபீசு கெடையாது, ஹாஸ்டலு ஃப்ரீ. வேற யாருக்கோ போயிருச்சு. அந்தப் புள்ள முதுகுளத்தூரு பிரவுசிங் சென்டருல காலையில இருந்து ஒக்காந்து எனக்கு அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம். சரி, நான் என்ன ஜோசியமா பாத்தேன்? இன்னிக்குச் சீட்டு வரும்னு முந்தின நாளே வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போயிருப்பேனா? எல்லாத்துக்கும் நான்தான் காரணமா? கூரி என்னைய ஏசியிருந்தாக்கூடப் பரவால்ல. பஸ்ஸுல எனக்கு முன் சீட்டுல ஒக்காந்து அந்தக் காப்பையே திருகிக்கிட்டு வந்தான். ஊரு எல்லையில எறங்கி, சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு உள்ள போனான். எல்லையத் தாண்டுனதுக்கு.

அப்புறம் அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு தெரியுமா? ஜெனிட்டா மேடத்துக்கு ஒரு லெட்டரு எழுதிப் போட்டுருச்சு. மேடம் வந்தாக. கம்ப்யூட்டரத் தெறந்து பாத்தாக. ஒரு பக்கம், ரெண்டு பக்கம், பத்து பக்கம், எல்லாத்துலயும் என் நம்பரு. ‘சார், நூத்துக்கு நூறுன்னு நாங்க எல்லா இடத்துலயும் சொல்லியிருக்கோம்’னு மட்டும் சொன்னாக. பொன்னாடை போத்துன அதே மேடம். மறு மாசம் சாவிய வாங்கிட்டாக. பொம்பளைக சங்கத்துல கூடிப் பேசி அந்தப் புள்ளைய ஒக்கார வச்சுட்டாக. ஒக்காந்து, பழகி, இந்தச் சித்திரை மாசம் ஒரு கேம்ப்பு போட்டுச்சு பாருங்க, ஒரே வாரம்! ஆதாருல கைரேகைய வச்சே நம்பர மாத்திறலாமாம், பழைய நம்பருக்காரன் தேவையே இல்லையாம். வீட்டுக்கு ஒரு போனு, இல்லாதவுகளுக்குச் சங்கத்துல ஒரு போனு, அதயும் எப்பிடிப் பாக்குறதுன்னு பொம்பளைகளத் தரையில ஒக்கார வச்சுச் சொல்லிக் குடுக்குது. நான் கோயில்ல இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன். பாண்டியம்மா, என் நம்பரு மொதல்ல போட்டேனே, அந்தப் பாண்டியம்மா, கண்ணச் சுருக்கிக்கிட்டு, வெரல வச்சு ஒண்ணு, எட்டு, மூணுன்னு தானே படிக்குது. படிச்சுட்டுச் சிரிக்குது. என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு?

மனுவுல அதான் எழுதியிருக்கேன். ஊர்ப் பொதுமக்களின் தகவல்கள் பாதுகாப்பற்ற முறையில் தனிநபர் கைகளுக்கு மாற்றப்பட்டுள்ளனன்னு. சரியாத்தானே இருக்கு?

தேரிருவேலி தாண்டிட்டோமா? கோடு ஒண்ணுதான் நிக்குது. இன்னும் கொஞ்சம் போகணும்.

நான் ஏன் இந்தப் போனையே பாத்துக்கிட்டு வாரேன்னு நீங்க நெனைக்கலாம். சொல்றேன். ஒரே ஒரு கணக்குல மட்டும் இன்னும் என் நம்பரு இருக்கு. சந்தனமாரி காலேஜுக் கணக்கு, சீட்டுக்கு நான் பதிஞ்சு குடுத்தது. அத கைரேகைய வச்சு மாத்த முடியாது. பழைய நம்பருக்கு வார ஓடிபியச் சொன்னாத்தான் புது நம்பர ஏத்துக்கும். ஊருக்கெல்லாம் மாத்திவிட்ட புள்ளைக்கு அதுக்கு மட்டும் மாத்த முடியல. இந்த வருசமும் அதே மார்க்க வச்சு சீட்டுக் கேக்கலாம். கடைசி நாளு என்னிக்குன்னு பேப்பர்ல வந்துச்சு, வெட்டி சட்டப்பையில வச்சிருக்கேன். இந்தா. இன்னிக்குத்தான். அஞ்சு மணி வரைக்கும்.

என்கிட்ட வந்துதான ஆகணும்? பத்து நாளாப் பாத்துக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டு வழியாத்தான் சென்டருக்குப் போகுது. தலையக் குனிஞ்சுக்கிட்டே போகுது. ‘மாமா, நம்பரச் சொல்லுங்க’ன்னு ஒரு வார்த்த. அம்புட்டுத்தான். நானாப் போயிக் கேக்கணுமாக்கும்? நான் மூத்தவன், மாமன் முறை. அதுக்காகத்தான் இன்னிக்கும் போனக் கையிலேயே வச்சிருக்கேன், ஆஃப் பண்ணல பாத்துக்கங்க. போன வருசம் மாதிரி இல்ல. கூப்புட்டாச் சொல்லிருவேன். கூப்புடட்டும்.

போன வருசம்... ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க எறங்கிப் போயிருவீங்க. போனு ரெண்டு நாளும் ஆஃப்லயே இருந்துச்சுன்னு சொன்னேன்ல? ரெண்டாம் நாளு காலையில ஒரு தடவ எடுத்தேன். எத்தன பேரு தேடியிருக்காகன்னு பாக்கணும்னு ஆசை. ஆன் பண்ணுனேன். நாப்பத்தி ஒண்ணு. நாப்பத்தி ஒரு மிஸ்டு காலு தம்பி! மெசேஜும் இருந்துச்சு. நான் எண்ணத்தான் எண்ணுனேன். படிக்கல. சத்தியமாப் படிக்கல. எனக்கு அம்புட்டு சந்தோசமா இருந்துச்சு. திரும்ப ஆஃப் பண்ணி உள்ள வச்சுட்டு, மச்சினன் பொண்டாட்டிகிட்ட இன்னும் ரெண்டு இட்டிலி கேட்டு வாங்கிச் சாப்புட்டேன்.

அதுல சந்தனமாரி மெசேஜும் இருந்திருக்கு. மொத மெசேஜே அதுதான்.

இந்த டிரைவரு ஏன் இப்பிடி ஓட்டுறான்? எந்திரிச்சு நிக்கலாம்போல இருக்கு. நீங்க ஒக்காருங்க, ஒக்காருங்க.

வந்திருச்சு! கோடு மூணு வந்திருச்சு. மெசேஜு, பாருங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் சொன்னேன்ல! காலேஜுக் கணக்குதான். ‘கைப்பேசி எண்ணை மாற்றுவதற்கான கடவு எண்.’ பத்து நாப்பது, பதினொண்ணு அஞ்சு, பதினொண்ணு இருவது. மூணும் செத்துப் போச்சு, பத்து நிமிசம்தானே. அமுக்கிப் பாத்துக்கிட்டே இருக்கா! அப்ப ஏன் கூப்புடல? நம்பரு அவளுக்கு மனப்பாடமா இருக்குமே. அமுக்கிட்டு சும்மா ஒக்காந்திருந்தா நான் என்ன...

இந்தா, மறுபடியும் வீட்டுக்காரி. மூணாவது தடவ. இப்பப் போயி மோட்டாரு.

அலோ! என்னடி வேணும் ஒனக்கு? நான் பஸ்ஸுல...

யாரு?

சந்தனமாரியா? ஆமா. மாமாதான் பேசுறேன். ஆங். இருக்கேன். இல்ல, போன ஆஃப் பண்ணல ஆத்தா, கட் பண்ணுனது அத்தையின்னு நெனச்சு... சரி. சரி, இன்னொருக்க அமுக்கு. அமுக்கு, வருதான்னு பாக்குறேன்.

வருது. வந்திருச்சு. எழுதிக்க. எட்டு. ஜீரோ. அஞ்சு. அஞ்சு. ரெண்டு.

என்ன தம்பி அப்பிடிப் பாக்குறீங்க? சொல்லத்தான் போறேன். ஒரு செகண்டு நிப்பாட்டுனேன், அம்புட்டுத்தான். அந்தப் புள்ளையும் ஒண்ணும் கேக்கல பாருங்க. மூச்சுச் சத்தம் மட்டும் வருது.

ஏழு. கடைசி ஏழு ஆத்தா. எட்டு ஜீரோ அஞ்சு அஞ்சு ரெண்டு ஏழு. ஏத்துக்கிருச்சா? பாத்துச் சொல்லு. நல்லது. அப்ப வேற எதும்... இல்லையா. சரி. ஆங், அத்தைகிட்டக் குடு.

என்ன நாகவள்ளி? எப்ப இருந்து? பத்தர மணியில இருந்தா? ஏன் உள்ள கூப்புடல? கூப்புட்டியா. வரலைன்னுட்டானா. வாசல்லயேவா? இன்னும் நிக்கிறானா? சரி, வை.

கூரிதான், தம்பி. மகளக் கூட்டிக்கிட்டு வந்து எங்க வீட்டு வாசல்ல ஒரு மணி நேரமா நிக்கிறானாம். புள்ள மட்டும் உள்ள வந்து நாகவள்ளி போன்லருந்து அடிச்சிருக்கு. எம் பொண்டாட்டி நாக்காலி போட்டும் அவன் ஒக்காரலயாம். தண்ணி குடுத்தாளாம், வேணாம்னுட்டானாம். அவுக நம்பர்ல இருந்து அடிச்சா நான் எடுப்பேனோ மாட்டேனோன்னுதான் அவ போன்ல அடிச்சிருக்காக. எடுத்திருப்பேன். அதுக்குத்தானே ஒக்காந்திருக்கேன்? அத அவுகளுக்கு யாரு சொல்லுவா?

இன்னொரு மெசேஜு. படிக்கிறேன் கேளுங்க. ‘தங்கள் எண் இக்கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.’ நல்லவேளை. அஞ்சு மணிக்கு இன்னும் எம்புட்டு நேரம் கெடக்கு. இந்தத் தடவ சீட்டு வந்தா அது போனுக்கே போயிரும். நேரா அது கைக்கே. நல்லதுதான். நல்லதுதானே தம்பி?

கருப்பு ஸ்கிரீனாப் போச்சு. சார்ஜு இருக்கு.

என்னது, ராம்நாடு வந்திருச்சா? பஸ் ஸ்டாண்டா? நீங்க எறங்குங்க. எனக்கு அவசரமில்ல. கலெக்டரு ஒரு மணி வரைக்கும் மனு வாங்குவாரு. மூணு பக்கம் அடிச்சாச்சு, குடுக்கணும். குடுக்கலன்னாலும் ஒண்ணுமில்ல. இதே பஸ்ஸுதான திரும்பப் போகுது?

கொஞ்சம் நில்லுங்க. அந்த ஃபைல்ல என்ன, ஏதோ அப்ளிகேசனா? போன் நம்பரு கட்டத்துல ஒங்க நம்பருதானே போட்டிருக்கீங்க? சொந்த நம்பருதானே? நல்லது. வேற யாருதயும் போடாதீங்க.

ஒரு ஒபகாரம் பண்ணுங்க தம்பி. என் நம்பரச் சொல்றேன், ஒரு மிஸ்டு காலு குடுத்துட்டுப் போங்க. ஒண்ணுக்குமில்ல. அடிக்குதான்னு பாத்துக்கிறேன்.